வந்து சேராத பாக்கெட்டுகள்

எங்கள் துறைத்தலைவர் ‘மல்டிகோர்’ என்று சொல்லும்போது கண்களை லேசாக மூடிக்கொள்வார், பாயசத்தின் முதல் கரண்டியை வாயில் வைத்தவர் மாதிரி. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தாளாளரின் தொலைநோக்கைப் பற்றிப் பேசியிருப்பார்.

ஆவடிக்கு மேற்கே, ஊர் முடிந்து மனைப்பிரிவுக் கற்கள் தொடங்கும் இடத்தில் அந்தப் பொறியியல் கல்லூரி இருந்தது. எங்கள் துறையின் கடைசி அறைக் கதவில் பித்தளை எழுத்தில் ‘மல்டிகோர் ஆராய்ச்சி மையம்’ என்று பொறித்திருந்தார்கள். உள்ளே ஒரு பிள்ளையார் படம், ஒரு ஏ.சி., உறை போட்டு மூடிய கணினிகள். வெளியாட்கள் வந்தால்தான் உறையைக் கழற்றுவார்கள். அவர்கள் போனதும் மறுபடி மாட்டுவார்கள். தூசு படியக் கூடாதல்லவா? பயன்படுத்தினால் படிந்துவிடுமே.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரே காரணம், வீட்டுக்குப் பக்கம் என்பது. திருமணமாகி அருப்புக்கோட்டையிலிருந்து வந்த நாள் முதல் எங்களுக்குத் திருநின்றவூரில்தான் வாடகை வீடு. கல்லூரிக்கு முன்பு நகரத்தின் மறுகோடியில், பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தேன். இரண்டு ரயில், ஒரு பேருந்து. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அது முடியாமல் போயிற்று. கல்லூரி என்றால் மாலையில் சீக்கிரம் வந்துவிடலாம், விருப்பப்பட்ட வேலையையும் செய்யலாம் என்று நினைத்தேன். முதல் பாதி நடந்தது.

விருப்பப்பட்ட வேலை என்று நான் சொல்வது இதுதான். இன்றைய சிப் ஒன்றுக்குள் கணக்குப் போடும் மூளைகள் பல இருக்கின்றன. கோர் என்று சொல்வது அதைத்தான். எல்லா கோர்களுக்கும் பொதுவாக ஒரு பெரிய நினைவகம். அங்கே ஒவ்வொரு முறையும் போய்வர நேரமாகும் என்பதால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சின்ன நினைவகத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்கும். ஒன்று தன்னிடமுள்ள எண்ணை மாற்றினால், அதே எண்ணின் பழைய நகலை வைத்திருக்கும் மற்றவற்றுக்குத் தகவல் போக வேண்டும். இந்தத் தகவல்கள் சின்னச் சின்னப் பொதிகளாக, பாக்கெட்டுகளாக, சிப்புக்குள்ளேயே இருக்கும் பாதைகளில் ஓடுகின்றன. சந்திப்புகளில் காத்திருக்கின்றன, திரும்புகின்றன, சில சமயம் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கின்றன. சிப்பைச் செய்து பார்த்துவிட்டு வருந்துவதற்குப் பதிலாக, முதலில் அதைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலை எழுதி ஓடவிட்டுப் பார்ப்போம். அதற்குத்தான் சிமுலேஷன் என்று பெயர். மெதுவான வேலை. பொறுமை வேண்டும், கூடவே பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். இரண்டாவது தகுதி அந்தக் கல்லூரியில் அரிது என்பது எனக்குச் சேர்ந்த புதிதில் தெரியாது.

என் மேசைக்குப் பக்கத்து மேசைக்காரர் துறைத்தலைவரிடமே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த சக ஆசிரியர். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை, எப்போதும் நல்ல வாசனை. அவரைத் துறையில் எல்லோரும் ‘ஆராய்ச்சியாளர்’ என்றே அழைத்தார்கள், அவர் முகத்துக்கு நேராகவும். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். பாக்கெட்டுகளைச் சந்திப்புகளில் திருப்பிவிட அவர் புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். பழைய முறையில் ஆகும் தாமதம் இதில் பாதியாகக் குறைகிறதாம். அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். நீலக்கோடு மேலே, சிவப்புக்கோடு கீழே. மாட்டிய ஆணி மட்டும் நேராக இருந்தது.

ஒரு நாள் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

“நீங்க கம்பெனியில இருந்தவங்க. நம்ம ஆராய்ச்சியாளர் வொர்க்கை எடுத்து, கோர் எண்ணிக்கையைக் கூட்டி, இன்னொரு பேப்பர் பண்ணிடுங்கம்மா. என் பேரு முதல்ல, அவர் ரெண்டாவது, நீங்க மூணாவது.”

“அவரோட புரோகிராம் கோடு வேணும் சார்.”

“அதெல்லாம் கொடுப்பார். நமக்குள்ள என்ன?”

அந்த நிரல் என் கைக்கு வர ஒரு பருவத் தேர்வே முடிந்துவிட்டது. முதலில் வீட்டுக் கணினியில் இருந்தது. பிறகு அந்தக் கணினிக்கு வைரஸ் வந்தது. பிறகு அவருடைய மச்சினிச்சிக்குத் திருமணம். கடைசியில், துறைத்தலைவர் இரண்டாம் முறை கேட்டபின், ஒரு பென்டிரைவை என் மேசையில் வைத்துவிட்டு, “ரொம்ப உள்ள போய்ப் பார்க்காதீங்க மேடம், சும்மா ரன் பண்ணுங்க, ரிசல்ட் வரும்” என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். நிரலின் தலைப்பில் வேறொரு கல்லூரியின் பெயர், வேறொரு மாணவியின் பெயர். காசுக்குப் புராஜெக்ட் செய்து தருகிற கடைகள் நகரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அப்படியொரு கடையில் வாங்கியது. நடுவில் ஓரிடத்தில், சிமுலேஷன் எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் வரிக்கு மேலே, எழுதிய புண்ணியவான் ஒரு குறிப்பு வைத்திருந்தான்: ‘கஸ்டமர் இதை மாற்ற வேண்டாம்.’ கஸ்டமர் மாற்றவில்லை. அவர் அந்த வரி வரை படித்ததே இல்லை.

நான் மாற்றினேன். நிற்கச் சொன்ன இடத்தில் நிறுத்தாமல் ஓடவிட்டேன். மெதுவாக ஓடியது. மாலையில் அப்படியே ஓடவிட்டுக் கிளம்பினேன். அடுத்த நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரை கறுப்பாக இருந்தது.

ஆய்வகப் பொறுப்பாளர் சுவிட்ச் பெட்டியைச் சாத்திக்கொண்டிருந்தார். கல்லூரி நிற்கும் நிலத்தில் கொஞ்சம் அவர்கள் குடும்பத்துடையது. நிலத்தை விற்றபோது பேசி வாங்கிய வேலை அது. அதனால் அவர் யாருக்கும் பயந்ததில்லை, எந்த வேலையும் செய்ததில்லை.

“ஏங்க ஆஃப் பண்ணீங்க? நேத்துலேர்ந்து ஓடிக்கிட்டிருந்தது!”

“சேர்மன் ரவுண்ட்ஸ் வந்துகினு கீறாரு மேடம். கரண்டு வேஸ்ட்டு ஆவுதுன்னு கத்துவாரு.”

“என் வேலை போச்சே!”

“இன்னா மேடம் இது, பொம்மை சிப்புதான? திர்ப்பி ஓட்டிக்கினா போச்சு.”

அன்று தாளாளர் வரவேயில்லை. நான் திரும்ப ஓட்டினேன்.

முடிவு வந்தபோது எனக்கு அதிர்ச்சியாக இல்லை, அருவருப்பாக இருந்தது. ஆராய்ச்சியாளரின் புதிய முறையில் நெரிசல் கொஞ்சம் கூடியதும் பாதிக்கு மேற்பட்ட பாக்கெட்டுகள் போய்ச் சேரவே இல்லை. ஒன்று நகர மற்றொன்று விலக வேண்டும், அது விலக மூன்றாவது நகர வேண்டும், மூன்றாவது முதலாவதற்காகக் காத்திருந்தது. பூட்டிக்கொண்டன. இனி அந்தச் சிப் எத்தனை காலம் ஓடினாலும் அவை அங்கேயேதான். நிரலோ சேர்ந்த பாக்கெட்டுகளின் தாமதத்தை மட்டும் சராசரி எடுத்தது. பேருந்தில் ஏறியவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு, நிறுத்தத்தில் நின்றுகொண்டே இருப்பவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது போல. பூட்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்பாக எல்லாவற்றையும் நிறுத்திவிடத்தான் அந்த ‘மாற்ற வேண்டாம்’ வரி. எழுதிக் கொடுத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கூட்டத்திலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவனும் அதை மறைக்கத்தான் பயன்படுத்தினான்.

பக்கத்து மேசையில் சொன்னேன். ஆராய்ச்சியாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே கேட்டார். முகத்தில் கவலை இல்லை, சலிப்புதான்.

“மேடம், எனக்கு அடுத்த மாசம் வைவா. என் பொண்டாட்டி வீட்டுல எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

“இது தப்பு சார். சின்னத் தப்பு இல்ல, இதுல ஒண்ணுமே இல்ல.”

“எல்லாப் பேப்பரும் அப்படித்தான் மேடம். நீங்க கம்பெனியில இருந்ததால ரொம்ப சீரியஸா எடுத்துக்கிறீங்க.”

துறைத்தலைவரிடம் போனேன். அவர் எழுந்துகூட நிற்காமல், மடிக்கணினியை நான் திருப்பிக் காட்டியபோது அதைப் பார்க்காமல், என்னைப் பார்த்தார்.

“சார், பாதி பாக்கெட் போய்ச் சேரலை.”

“சேர்ந்தது சீக்கிரம் சேர்ந்துச்சா?”

“சேர்ந்தது சீக்கிரம்தான். ஆனா—”

“அப்புறம் என்னம்மா? வராத பாக்கெட்டை நாம ஏன் எண்ணணும்?”

பல வருடம் ஆசிரியராக இருந்தவர். அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கெங்கோ மருத்துவக் கருவிகளையும் நிரல்களையும் செய்துகொண்டிருப்பார்கள்.

வைவா என்பது முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. கேட்பதில்லை என்பது மரபு. கருத்தரங்கு அறையில் ஆராய்ச்சியாளரின் குடும்பம் முன் இரண்டு வரிசைகளில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தது. வெளித்தேர்வாளர் வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்தார். போன மாதம் அவருடைய மாணவருக்கு எங்கள் துறைத்தலைவர் போய் வெளித்தேர்வாளராக உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். பொன்னாடை போனது, பொன்னாடை வந்தது. பின்பக்கம் பிரியாணி அண்டாவை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. வாசனை வந்ததும் கூட்டம் லேசாக நெளியத் தொடங்கியது.

நீலக்கோடு, சிவப்புக்கோடு எல்லாம் முடிந்து, “எனி கொஸ்டின்ஸ்?” என்றார்கள். நான் எழுந்தேன்.

“உங்க சராசரியில, போய்ச் சேராத பாக்கெட்டுகளைச் சேர்த்திருக்கீங்களா?”

ஆராய்ச்சியாளர் துறைத்தலைவரைப் பார்த்தார். துறைத்தலைவர் வெளித்தேர்வாளரைப் பார்த்தார். முன்வரிசைப் பட்டுப்புடவைகள் திரும்பி என்னைப் பார்த்தன, கல்யாண வீட்டில் தும்மியவளைப் பார்ப்பது போல.

வெளித்தேர்வாளர் மைக்கை வாங்கினார். “வெரி குட் கொஸ்டின். இந்த மாதிரி இன்ட்ரஸ்ட் எடுக்கிறவங்க இருக்கறதே சந்தோஷம். இதை ஃப்யூச்சர் வொர்க்ல சேர்த்துக்கலாம்.”

“சார், சேர்த்தா இந்த முறை பழைய முறையைவிட மோசம். சிப்பே நின்னுடும்.”

“அதான் சொல்றேன், ஃப்யூச்சர் வொர்க்.”

எல்லோரும் கைதட்டினார்கள். பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. நான் பிரியாணி சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை.

என் கேள்விக்கான பதில் கோடையில் வந்தது. மாணவர் சேர்க்கைக்காக ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்புவார்கள். எனக்கு மட்டும் தூரத்து ஊத்துக்கோட்டைப் பக்கம். கல்லூரி வேனில் காலையில் ஏற்றி, பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளின் முன் இறக்கிவிடுவார்கள். கையில் பளபளப்பான ஒரு கையேடு. அதன் நடுப்பக்கத்தில் எங்கள் ஆராய்ச்சி மையம், உறை கழற்றிய கணினிகளோடு. சட்டமிட்ட வரைபடமும் படத்தில் தெரிந்தது. வெயிலில் வாசலில் நின்று அதை விரித்துக் காட்டினேன். ஒரு வீட்டுக்காரர் அதை வாங்கி விசிறிக்கொண்டே, “ஆஸ்டல்ல சோறு நல்லாக்கீதா மேடம்?” என்று கேட்டார். நல்லா இருக்காது என்றேன். நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தக் கோடையில் எங்கள் கல்லூரியைப் பற்றி யாரும் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்ததும் ராஜினாமா கொடுத்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு மாடியில் இயங்கும் சின்ன சிப் நிறுவனம் ஒன்று என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் கல்லூரியில் சேரும்போதே என் பட்டச் சான்றிதழ்களின் அசல்களை வாங்கி அலுவலக பீரோவில் பூட்டியிருந்தார்கள். இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் அது சகஜம். வட்டிக்கடையில் நகையை வைப்பது போல ஆசிரியரின் படிப்பை வைத்துக்கொள்வார்கள். அலுவலகத்தில் கேட்டால் துறைத்தலைவரிடம் அனுப்பினார்கள். துறைத்தலைவர், “வருஷம் தொடங்கற நேரத்துல எப்படிம்மா விடமுடியும்?” என்றார்.

வீட்டில் புலம்பினேன். என் கணவர் ஆவடியில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளர், அதிகம் பேசாதவர். “சண்டையை அப்புறம் போடு. முதல்ல சர்டிபிகேட்டை வெளியில எடு” என்றார்.

எடுப்பதற்கான வழியை அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடப்போவதாகவும், அவர்கள் வந்து ஆராய்ச்சி மையத்தைப் பார்க்கப்போவதாகவும் செய்தி வந்தது. சிமுலேஷனை நேரில் ஓடவிட்டுக் காட்ட வேண்டுமாம். முனைவர் பட்டம் வாங்கிவிட்ட ஆராய்ச்சியாளருக்கு அதை எப்படித் தொடங்குவது என்றே தெரியாது. அவர் என் மேசைக்கு வந்தார். பிறகு துறைத்தலைவரே வந்தார், வாழ்க்கையில் முதல் முறையாக நின்றுகொண்டு பேசினார்.

“நீங்க ஒரு டெமோ மட்டும் பண்ணிக் கொடுத்துடுங்கம்மா. கலர்ல புள்ளியெல்லாம் ஓடுமே, அது.”

என் வசதிக்காக ஒரு படம் செய்து வைத்திருந்தேன். சிப்பின் சந்திப்புகள் கட்டம் கட்டமாகத் தெரியும், பாக்கெட்டுகள் நிறப் புள்ளிகளாக ஓடும்.

“பண்றேன் சார். ஒரிஜினல்ஸ் கைக்கு வரட்டும்.”

“நம்பிக்கை இல்லையா?”

“இல்லை சார்.”

டெமோ நாளன்று காலை பத்து மணிக்கு முன்பே என் அசல்கள் என் கைப்பைக்குள் இருந்தன. விடுவிப்புக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டேன்.

விருந்தினர்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பூங்கொத்து, முகத்தில் சீக்கிரம் போக வேண்டும் என்ற அவசரம். உறைகள் கழற்றப்பட்டிருந்தன. நான் ஆராய்ச்சியாளரின் முறையை அப்படியே ஓடவிட்டேன், எந்த ஜோடனையும் இல்லாமல், நிறுத்தும் வரியை எடுத்துவிட்டு. புள்ளிகள் அழகாக ஓடின. துறைத்தலைவர் கண்ணை மூடி ‘மல்டிகோர்’ என்றார். பிறகு நடுக் கட்டங்களில் புள்ளிகள் தேங்கின. தேக்கம் பரவியது. கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க எல்லாப் புள்ளிகளும் நின்ற இடத்திலேயே நின்றன. ஒன்றுகூட அசையவில்லை. ஒரு சிப் செத்துப்போவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

முன்னால் இருந்த விருந்தினர் குனிந்து பார்த்தார். “முடிஞ்சிடுச்சா?”

“கம்ப்ளீட்டட் சார்” என்றார் ஆராய்ச்சியாளர்.

“அவ்வளவு சீக்கிரமா? சூப்பர் ஸ்பீட்!”

“இது முடியல சார்” என்றேன் நான். “இது நின்னுடுச்சு. இனிமே ஓடாது. இந்த முறையில சிப் பண்ணினா இப்படித்தான் பூட்டிக்கும்.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நகைச்சுவை உணர்வுள்ள பெண் என்று நினைத்திருப்பார். “நின்னுடுச்சுன்னா முடிஞ்சதுதானே மேடம்!” என்றார். அறை முழுக்கச் சிரித்தது. யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள். பின்னால் நின்ற ஒருவர் அந்த அசையாத திரையைக் கைப்பேசியில் படம் எடுத்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள்.

அதுவரை எனக்கு ஒரு சின்ன ஆசை இருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். உண்மையைக் கண்ணால் காட்டிவிட்டால் அவர்கள் கொஞ்சமாவது கூசுவார்கள் என்ற ஆசை. கூச முதலில் புரிய வேண்டும். புரிந்தவர்கள் வியாபாரம் செய்தார்கள், புரியாதவர்கள் கைதட்டினார்கள். கோபப்படுவதற்குக்கூட அங்கே தகுதியான ஆள் இல்லை.

கணினியை நானே அணைத்தேன். வெளியே வந்தபோது ஆய்வகப் பொறுப்பாளர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னா மேடம், ஒரேயடியா கெளம்பிட்டீங்களா?”

“ஆமா.”

“சமோசா மிச்சம் கீது, எட்த்துகினு போங்க. அவுங்க ஒருத்தனும் துன்னல.”

காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஆறிப்போன அந்தச் சமோசாவைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அம்பத்தூரில் வேலை. கீழே அட்டை வெட்டும் இயந்திரம் நாள் முழுக்க இடிக்கும், மேலே நாங்கள் பாக்கெட்டுகளைத் துரத்திக்கொண்டிருப்போம். எங்கள் பாக்கெட் ஒன்று வராமல் போனால் வேலையை நிறுத்திவிட்டு அதைத் தேடுவோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அதுதான் வேலை.

போன மாதம் ஆராய்ச்சியாளர் தொலைபேசியில் அழைத்தார். இப்போது அவர்தான் துறைத்தலைவராம். பழையவர் கல்லூரி முதல்வராகிவிட்டார். அவரவர்க்கு உரிய இடம்.

“மேடம், என்கிட்ட ஒரு ஸ்டூடன்ட் தீசிஸ் சப்மிட் பண்றான். நீங்க இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட்டா வந்து உட்காரணும்.”

“வந்தா கேள்வி கேட்பேன் சார்.”

“தாராளமா கேளுங்க மேடம்” என்றார் உற்சாகமாக. “கேள்வியை நாங்களே டைப் பண்ணிக் கொடுத்துடறோம்.”

அவர் கேலி செய்யவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். தொலைபேசியை வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த திரையின் பக்கம் திரும்பினேன்.